கைமாத்தக்கா

கல்யாண வீட்டில் பழச்சாறு வந்ததும் எல்லோரும் குடிக்கிறார்கள். அக்கா மட்டும் தம்ளரை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, விரல்களுக்குள் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். முதலில் அடிப்பாகம், அப்புறம் உடம்பு, கடைசியில் விளிம்பு. அதன் பிறகுதான் வாய்க்குக் கொண்டுபோகிறார். கொண்டுவந்து கொடுத்தவருக்கு முகம் சுருங்குகிறது. சாற்றில் ஏதோ விழுந்து கிடக்கிறது போலிருக்கிறது என்று அவரும் எட்டிப் பார்க்கிறார். "ஜூஸ்ல ஒண்ணும் இல்லைங்க. கிளாஸ்லதான் அடியில ஒரு கொப்புளம். நானே கழிச்சுப் போட்டதாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அக்கா ஒரே மூச்சில் குடித்து முடிக்கிறார்.

அது உண்மையாகவும் இருக்கலாம். கண்ணாடித் தொழிற்சாலையில் பாட்டில்களும் தம்ளர்களும் ஓடுகிற இயந்திரப் பட்டையில் நகர்ந்து வரும். பின்னால் வெள்ளை விளக்கு எரியும். எதிரே உட்கார்ந்து, விரிசல் விட்டதையும் கோணலானதையும் பிடுங்கித் தொட்டியில் போடுவது அக்காவின் வேலை. பெரிய குறை உள்ளவை உடைபட்டுத் திரும்ப உலைக்கே போகின்றன. சின்னக் குறை உள்ளவை மலிவு விலையில் தொழிலாளர் வீடுகளுக்குப் போகின்றன. அதனால் இந்த ஊரில் எந்த வீட்டில் தண்ணீர் கேட்டாலும் அக்காவுக்குப் பிடிக்காமல் போன தம்ளரில்தான் கொடுப்பார்கள். என் அறையில் இருப்பதும் அந்த இனம்தான்.

ஆள் குள்ளம். நடை வேகம். நாற்பதைத் தாண்டியிருப்பார், ஆனால் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். வருஷக்கணக்காக இடமிருந்து வலமாக நகர்வதையே பார்த்துப் பார்த்து, நகர்கிற எதைக் கண்டாலும் அவர் கண் கூடவே போகும். தொழிற்சாலை வாசலில் ஷிஃப்ட் விட்டு ஆட்கள் வரிசையாக வெளியே வரும்போது அவர் பார்க்கிற பார்வையில், கூட்டத்திலிருந்து யாரையாவது பிடுங்கித் தொட்டியில் போட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும். ஒரு வகையில் அதைத்தான் செய்கிறார்.

அவருடைய பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கே அவர் கைமாத்தக்கா. அவசரத்துக்கு வாங்கி, வட்டியில்லாமல் திருப்பிக் கொடுப்பதைக் கைமாத்து என்கிறோம். அக்கா வாங்கிக் கொடுக்கும் கைமாத்து பணமில்லை, ஷிஃப்ட். ஒருவர் வீட்டில் சாவு, இன்னொருவர் மனைவிக்கு இடுப்புவலி, வேறொருவர் தங்கைக்குக் கல்யாணம் என்றால், அன்றைக்கு அவர் இடத்தில் வேலைக்கு நிற்க ஓய்வில் இருக்கும் ஒருவரைப் பிடித்துக் கொடுப்பார். வாங்கியவர் அதை அதே ஆளுக்குத் திருப்ப வேண்டியதில்லை. அடுத்து யாருக்குத் தேவையோ அவருக்குக் கொடுத்தால் போதும். யார் யாருக்கு எத்தனை முறை நின்றார்கள் என்பதெல்லாம் அக்காவின் தலைக்குள்தான் இருக்கிறது. அவ்வப்போது தப்பும் நடக்கும். தனக்கு ஞாபகமில்லை என்று மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டார். "நீ நின்னியா நிக்கலையாங்கிறது இருக்கட்டும். இப்ப நில்லு" என்பார்.

நான் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். அதனால் எனக்கு வந்த கஷ்டம் கொஞ்சமில்லை. இந்த ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. திறந்திருந்தால் உள்ளே வருவார்கள், சாத்தியிருந்தால் தள்ளிக்கொண்டு வருவார்கள். மாடிப்படி வாசலை ஒட்டியே இருப்பதால் அக்காவைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் என்னிடம்தான் வந்து சேருவார்கள். முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு நான் கண்ணாடி முன்னால் நிற்க, முன்பின் தெரியாத ஒருவர் என் கட்டிலில் உட்கார்ந்து, "எங்க சித்தப்பாவுக்கு ரொம்ப முடியலீங்க" என்று அழ ஆரம்பித்த நாளும் உண்டு. நுரையோடு நானும் அவரைத் தேற்றியிருக்கிறேன்.

ஊர் வாழ்க்கையில் இந்தக் கைமாத்து எப்படி வந்தது என்று சொல்ல உலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்ணாடி உலையை ஒருமுறை பற்றவைத்தால் அப்புறம் அணைக்க முடியாது. அணைத்தால் உருகிய கண்ணாடி உள்ளேயே இறுகி, உலையே பாழாகிவிடும். கல்யாணமா, சாவா, புயலா என்று அது கேட்காது. உலை வருவதற்கு முன்னால் இந்த ஊரில் இருந்ததெல்லாம் விட்டுவிட்டுப் போகக்கூடிய வேலைகள். தறியை நிறுத்தலாம். தோட்டம் ஒருநாள் காத்திருக்கும். செங்கல் காய்ந்துகொண்டே கிடக்கும். ஒரு வீட்டில் சாவு என்றால் அன்றைக்குத் தெருவில் யாரும் வேலைக்குப் போக மாட்டார்கள். அதை யாரும் சட்டமாகப் போடவில்லை, போட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

உலை வந்ததும் எல்லாம் தலைகீழானது. எந்த நேரத்திலும் தெருவில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் தூங்கிக்கொண்டும், இன்னொரு பங்கு உலை முன்னாலும் இருந்தார்கள். அண்ணனும் தம்பியும் வாரக்கணக்கில் முகம் பார்க்காமல் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். தெருப் பெரியவர்கள் ஒரு தகராறைத் தீர்த்துவைக்கக் கூடினால் பாதி வழக்கிலேயே தொழிற்சாலைச் சங்கு ஊதிவிடும், வழக்குக்காரர் வேலைக்கு ஓடிவிடுவார். பெண் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் குணத்தை விசாரிப்பதற்கு முன்னால் ஷிஃப்டை விசாரித்தார்கள். ஆனால் வீடுகளுக்குக் கூரை மாறியது, பிள்ளைகள் மேலே படித்தார்கள், பெண்கள் கையில் சொந்தக் காசு வந்தது. இதையும் சொல்லாவிட்டால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டார். "உலை வர்றதுக்கு முந்தி நல்லா இருந்துச்சுன்னு எழுதிடாதீங்க சார். என் மாமியார் ஒரு செருப்பு வாங்க வருஷம் பூரா யோசிப்பாங்க" என்று, இதை எழுதப்போகிறேன் என்றதுமே எச்சரித்துவிட்டார்.

அவருடைய மாமனார் இறந்தது உலை பற்றவைத்த புதிதில். கணவரும் கொழுந்தனும் உலைக்கு முன்னால் நின்றிருந்தார்கள். மாற்றி நிற்க ஆள் இல்லாததால் விடவில்லை. வீட்டில் பெண்களும், நடக்க முடியாத இரண்டு முதியவர்களும், காய்ச்சலில் கிடந்த பக்கத்து வீட்டுக்காரரும்தான் இருந்தார்கள். தூக்க ஆளில்லாமல் வாசலில் அப்படியே கிடத்தியிருந்தார்கள். அந்த நேரத்தில் எதிர்வீட்டுக்குச் சமையல் சிலிண்டர் போட வந்த ஒருவர், கேட்காமலே சிலிண்டரை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தார். மறுபக்கம் அக்காவே தோள் கொடுத்தார். மகன்கள் இருவரும் தொழிற்சாலைச் சீருடையோடு ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கணவர் அன்று அழவில்லை என்றும், மறுநாள் சோப்புப் பெட்டி கைதவறி விழுந்ததற்கு உட்கார்ந்து அழுதார் என்றும் அக்கா சொன்னார். சிலிண்டர்காரர் இன்றைக்கும் இந்தத் தெருவுக்கு வந்தால் நேரே அக்கா வீட்டுக்குள் போய், தானே தேநீர் போட்டுக் குடித்துவிட்டுப் போகிறார்.

மாமனார் இறந்த பதினைந்தாம் நாளோ எதுவோ, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தொழிற்சாலை வாசலில் இருக்கும் தேநீர்க் கடை பெஞ்சில் போய் அக்கா உட்கார்ந்தார். இன்றுவரை அதுதான் அவர் அலுவலகம். யாருக்கு என்ன தேவை என்று கேட்பார். சாவுக்கு உடனே ஆள் கிடைக்கும், பிரசவத்துக்கும் அப்படியே. கல்யாணக்காரர்களிடம் மட்டும் கறார். "கல்யாணம்னா நாள் குறிச்சு வருது. முன்னாடியே சொல்லத் தெரியாதா? சாவா சொல்லாம வர்றதுக்கு?" என்று வாங்குவாங்கென்று வாங்கிவிட்டு, அதற்கும் ஆள் தேடிக் கொடுப்பார். குடித்துவிட்டுப் படுத்திருப்பவனுக்காக மனைவி வந்து கேட்டால் மட்டும் கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது. அந்த மனைவியை உட்காரவைத்து ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். இப்படித்தான் உலை வந்து உடைத்துப் போட்டதை, உலையின் வாசலிலேயே உட்கார்ந்து ஒட்டவைத்தார். அதற்கு யாரும் அவருக்குப் பதவி கொடுக்கவில்லை, சம்பளமும் தரவில்லை.

அதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கொழுந்தனின் விரல்கள் போகிறவரை.

அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. முற்றத்தைப் பார்த்தபடி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவு. தம்பி மனைவி, அதாவது அக்காவின் ஓரகத்தி, வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் தைக்கிறார். உயரமானவர், கறாரானவர், வாயில் எப்போதும் இரண்டு ஊசி கவ்வியிருப்பார். அதனால் அதிகம் பேசமாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். ஊசியோடும் பேசுவார் என்று அக்கா சொன்னார். இரண்டு பேரும் கூடப்பிறந்தவர்களைப் போல அப்படி ஒட்டு. ஒரே அடுப்பில் சமைப்பார்கள். ஒருவர் முதுகுப் பக்கக் கொக்கியை மற்றவர் மாட்டிவிட்டுக்கொண்டே மூன்றாவது வீட்டுக்காரியைப் பற்றிப் பேசுவார்கள். அந்த வீட்டில் எது யாருடைய பாத்திரம் என்று அவர்களுக்கே தெரியாது.

கொழுந்தனின் வேலை ஓடுகிற இயந்திரத்தில் பாட்டில் வார்க்கும் அச்சுகள் திறந்து மூடும் இடைவெளியில் தூரிகையால் எண்ணெய் தடவுவது. கண்ணும் கையும் ஒன்றாக ஓட வேண்டிய வேலை. தெருமுனையில் ஒருவருடைய அப்பா இறந்துபோனார். அந்த மகனின் ஷிஃப்டுக்குக் கொழுந்தன் நிற்பதாக ஏற்பாடு. தூங்கி எழுந்தவர்தான் கைமாத்து நிற்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம். தூங்கினாயா என்று கேட்டதற்குக் கொழுந்தன், "தூங்கிட்டேன் அண்ணி" என்றார். தூங்கவில்லை. இந்த ஊர்க்காரரால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு அது. தெருவில் சாவு விழுந்திருக்கும்போது போர்த்திக்கொண்டு படுப்பது எப்படி? காலையிலிருந்து அந்த வீட்டில் நாற்காலி தூக்கி, பந்தல் போட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, தோளும் கொடுத்துவிட்டு, அதற்குமேல் அந்த மகனுடைய ஷிஃப்டிலும் போய் நின்றார். ஊருக்கும் கடமை செய்தார், உலைக்கும் செய்தார். ஒரு கணம் கண் செருகியது. அச்சு மூடிக்கொண்டது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

"நான் பார்த்தேன் சார்" என்று அக்கா என்னிடம் ஒரு முறைதான் சொன்னார். "அந்த வீட்டுல தம்பி நாற்காலி தூக்கிக்கிட்டு இருந்துச்சு. பார்த்துக்கிட்டேதான் நின்னேன். தூங்கலையேன்னு எனக்குத் தோணவே இல்லை. நல்ல பிள்ளையா எல்லா வேலையும் செய்யுதேன்னு சந்தோஷமா இருந்துச்சு." சொல்லிவிட்டுத் தன் கண்களை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். மயிரிழை விரிசலைப் பிடிக்கிற கண்கள் அவை.

கொழுந்தன் அண்ணியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓரகத்தி சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் எதிரிலும், ஊருக்கு நல்லது பண்ணக் கிளம்பி என் வீட்டில் கை வைத்துவிட்டாயே என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதன் பிறகு பேச்சு நின்றது. அடுப்பு இரண்டானது. பாத்திரங்கள் பிரிந்தன. எது யாருடையது என்ற குழப்பத்தில் கொஞ்ச நாள் கரண்டிகள் மட்டும் அந்தக் கதவுக்கும் இந்தக் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தன. அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. கரண்டியைத் திருப்பிக் கொடுக்க ஓரகத்தி வருவார். வந்து, கதவைத் தட்டுவார். திறந்தே கிடக்கும் கதவை விரல் மடக்கி இரண்டு தட்டு. இந்த ஊரில் கடன் வசூலிக்க வருகிறவர்கூட அப்படித் தட்டியதில்லை. மாடியிலிருக்கும் எனக்கே அது சுருக்கென்று இருக்கும். உள்ளே இருப்பவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்டதில்லை.

தொழிற்சாலை கைமாத்துக்குத் தடை போட்டது. யாருடைய ஷிஃப்டோ அவர்தான் நிற்க வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும். அடுத்து வந்த ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அண்ணன் இல்லை. ஒரு குழந்தை பிறந்து, தொட்டிலில் போட்ட பிறகு அப்பா வந்தார். ஒரு சாவில் மறுபடியும் தூக்க ஆளில்லை. அதுவரை ராஜினாமா செய்தவர்போல் பெஞ்சை விட்டு விலகியிருந்த அக்கா, அதற்கு மறுநாள் துவைத்த புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு மேனேஜரைப் பார்க்கக் கிளம்பினார்.

அந்தச் சந்திப்பை அக்கா சொல்லி நான் கேட்டேன். பிறகு தேநீர்க் கடையில் மேனேஜரும் அதையேதான் சொன்னார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். அக்கா வழக்கம்போல் தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விளிம்பில் கீறல் இருக்கிறது, உதட்டை அறுக்கும், மாற்றுங்கள் என்றிருக்கிறார். மேனேஜர் கெட்டவர் அல்ல. விரல் போனவரை ஆஸ்பத்திரியில் நாலைந்து முறை போய்ப் பார்த்தவர். அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை ஆகியோருக்கு மட்டும் அனுமதி தரலாம், அதற்கு மேல் உறவு என்று சொல்லிக்கொண்டு யாரும் வரக்கூடாது என்றார். அப்படியானால் என் மாமனாரைத் தூக்கிய சிலிண்டர்காரர் யார் என்று அக்கா கேட்டார்.

"கதவைத் தட்டாம உள்ள வர்றவங்க எல்லாரும் உறவுதான் சார்" என்றார் அக்கா.

"இந்த ஊர்ல யாரும்மா கதவைத் தட்டுறாங்க? நான் குளிச்சுட்டு வெளிய வந்தா ஹால்ல ரெண்டு பேர் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாங்க" என்றார் மேனேஜர்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜருக்கும் வந்தது. பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "யாரு உறவுங்கிறது உங்க விஷயம். மெஷின் முன்னாடி நிக்கிறவன் தூங்கி எந்திரிச்சவனா இருக்கணும். அதுக்கு வழி சொல்லுங்க, விடறேன்" என்றார். நீங்கள் சொல்வது நியாயம்தான் என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து வந்துவிட்டார்.

சில நாள் அக்கா முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். துணி காயப்போடுகிற கம்பியில் இரண்டு முறை முட்டிக்கொண்டார். அப்புறம் மறுபடி போனார். ஒரே ஒரு புதுச் சட்டத்தோடு போனார். ஒரு வீட்டுக்காரருக்காகக் கைமாத்து நிற்கிறவர் அன்றைக்கு அந்த வீட்டுப் பக்கமே தலைவைக்கக் கூடாது. சாவாக இருந்தாலும் சரி, கல்யாணமாக இருந்தாலும் சரி. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும், எழுந்து வேலைக்குப் போக வேண்டும். மேனேஜர் சோதனைக்கு என்று ஒப்புக்கொண்டார்.

அவர் ஒப்புக்கொண்டது எளிது. ஊர் ஒப்புக்கொள்ள வேண்டுமே. சாவுக்கு வராதவனை இந்த ஊர் மறப்பதில்லை. தாத்தா காலத்தில் ஒருவர் துக்கத்துக்கு வரவில்லை என்பதற்காகப் பேரன்கள் இன்றும் எதிரெதிரே பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் போய், இனிமேல் வராமலிருப்பதுதான் உதவி என்று சொல்ல வேண்டும். அக்கா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சிரித்தார்கள், திட்டினார்கள். தெருப் பெரியவர் ஒருவர், அப்படியானால் வந்து நின்றவனைவிட வராதவனுக்குத்தான் மரியாதையா என்று கேட்டார். ஆமாம், அதேதான் என்று அக்கா சொன்னார். கூட்டம் கூடியிருக்கும் வீட்டில் யாராவது எழுந்து, இன்னார் வரவில்லை, இந்த வீட்டுப் பிள்ளையின் இடத்தில் அவர்தான் வேலைக்கு நிற்கிறார் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். காரியமெல்லாம் முடிந்ததும் அந்த வீட்டுக்காரர்கள் வேறு எங்கே போவதற்கு முன்னாலும் வேலைக்கு நின்றவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். இரண்டையும் அக்காவே ஏற்படுத்தினார். எழுந்து நின்று சொல்ல மற்றவர்கள் கூச்சப்பட்டதால் அதையும் அவரே செய்தார். முதலில் கேலியாக இருந்தது. இப்போது, பெயர் சொல்லப்பட்டவர் வீட்டார் முகத்தில் ஒரு பெருமை தெரிகிறது. ஒரு ஊரின் மானம் எதில் இருக்கிறது என்பதையே ஒரு பெண் இடம் மாற்றி வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் கதவைத் தட்டும் சத்தம் நிற்கவில்லை. இரண்டு தட்டு, ஒரு கிண்ணம், திரும்பிப் போகும் காலடி. அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு காலை ஓரகத்தியின் அம்மா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஊரின் இன்னொரு கோடியில் பிறந்த வீடு. முற்றத்தில் நின்றபடியே ஓரகத்தி அழுத அழுகை மாடிவரை கேட்டது. கொழுந்தன் இப்போது பெட்டி அடுக்கும் பிரிவில் இருக்கிறார். அன்று மதிய ஷிஃப்ட். அக்காவின் கணவர் உலையில். அந்த வாரம் ஊரில் இரண்டு கல்யாணம், ஓய்வில் இருந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே யாருக்காவது நிற்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஓய்வில் மிச்சமிருந்தது அக்கா ஒருவர்தான்.

ஓரகத்தியின் அம்மா சாவுக்குப் போகாமல் இருக்க முடியுமா? பேச்சுவார்த்தை இல்லாதபோது போகாமலிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். போய் நின்றிருந்தால் ஒருவேளை கட்டிக்கொண்டு அழுது, அத்தனையும் அங்கேயே கரைந்தும் போயிருக்கும். ஊர் முழுக்க அதைத்தான் எதிர்பார்த்தது. அதைவிட நல்ல வாய்ப்பு அக்காவுக்கு வரப்போவதில்லை. ஆனால் போனால், கொழுந்தன் வேலைக்குப் போக வேண்டும். அம்மாவைப் பறிகொடுத்தவள் பக்கத்தில் புருஷன் இருக்க மாட்டான்.

நான் படியில் நின்றிருந்தேன். அக்கா கொழுந்தனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க அவகூடப் போங்க தம்பி. உங்க இடத்துல நான் நிக்கிறேன்."

"அண்ணி, இதுக்கு நீங்க வரலைன்னா அவ ஜென்மத்துக்கும் மறக்க மாட்டா."

"தெரியும். கிளம்புங்க."

அவர்கள் கிளம்புகிறவரை, சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி அழுதுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் அக்கா, தான் போட்ட சட்டப்படி கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது. மதியம் சங்கு ஊதுவதற்கு முன்னால் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனார்.

இன்னொன்று நடந்தது, அல்லது நடக்காமல் போனது. கூட்டத்தில் எழுந்து பெயர் சொல்கிறவர் அக்காதானே. அவர் இல்லாததால் அன்றைக்கு யாரும் எழுந்து சொல்லவில்லை. கொழுந்தன் நாலு பேர் எதிரில் வாய் திறக்காத மனிதர். அதனால் அக்கா ஏன் வரவில்லை என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தேநீர்க் கடை பெஞ்சில் பேச்சு கிளம்பியது. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிறவர் சொந்த ஓரகத்தி வீட்டுத் துக்கத்துக்குப் போகவில்லையாம், மனதில் அவ்வளவு வஞ்சம் என்றார்கள். அக்காவின் காதிலும் விழுந்தது. "தன் பேரைத் தானே எந்திரிச்சுச் சொல்ல முடியுமா சார்?" என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

பிறந்த வீட்டில் காரியங்கள் முடிந்து ஓரகத்தி திரும்பி வந்த சாயங்காலம், நான் அக்காவின் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாடியில் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்லப் போயிருந்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். கோணலாகத் தைத்துக்கொண்டிருந்தார். தையல் எப்போதும் ஓரகத்தியின் வேலை. முற்றத்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் இரண்டு பேர் காலடி. ஒன்று பக்கத்துக் கதவுக்குப் போனது. இன்னொன்று அங்கே போகவில்லை. அக்காவின் ஊசி நின்றது. கதவு அன்றைக்குச் சாத்தியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கதவையே பார்த்தோம்.

தட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் துணிப் பையோடு, அழுது வீங்கிய முகத்தோடு, என்னையும் அக்காவையும் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போனார். பையை இறக்கி வைக்கும் சத்தம், டப்பா திறக்கும் சத்தம், தண்ணீர் கொதிக்கும் சத்தம். எது எங்கே இருக்கிறது என்று அவர் தேடவில்லை. கொஞ்ச நேரத்தில் தேநீரோடு வந்து அக்காவின் எதிரே தரையில் உட்கார்ந்தார். சீருடையை வாங்கி, கோணல் பொத்தானைப் பல்லால் கடித்து அறுத்தெடுத்தார்.

"அம்மாவைத் தூக்குறப்ப அவர் என் பக்கத்துலயே நின்னாரு அக்கா" என்றார். "அவர் இடத்துல நீ நின்னேன்னு வரும்போதுதான் சொன்னாரு."

அக்கா தம்ளரைக் கையில் எடுத்தார். பழக்கத்தில் கை விளக்கை நோக்கி மேலே போனது. பாதியில் நின்றது. அப்படியே கீழே இறக்கி, பார்க்காமல் குடித்தார்.